மூர் மார்க்கெட் அருகே, 1959

ஆரணி
9.1.2025

திரு. சுதாகர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பட்டுக்கடை ஒன்றில் இந்த வருடம் கொடுத்த காலண்டரில், நீங்கள் சேகரித்த பழைய சென்னைத் தெருப்படங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. கடைக்காரர் சக்கரவர்த்தியிடம் உங்கள் முகவரி கேட்டேன். “வாட்ஸ்அப்ல போடுங்கம்மா, ஜல்தியா பதில் வந்துரும்” என்றார். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. கடிதம்தான் பழக்கம்.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஏப்ரல் படத்தில் இருப்பது கைவண்டி. ரிக்‌ஷா என்று போட்டிருக்கிறீர்கள். அது போகட்டும். ஆகஸ்ட் படத்தை அப்படி விட முடியாது. “மூர் மார்க்கெட் அருகே, 1959” என்று அச்சாகியிருக்கிறது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். அவள் காலடியில் டிராம் தண்டவாளம் தெரிகிறது. சென்னையில் டிராம் 1953இல் நின்றுபோனது. ஆகவே படம் அதற்கு முந்தையது. 1952 என்று திருத்தி, திருத்தியதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.

தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
சுபலட்சுமி


பெரம்பூர், சென்னை
18.1.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இருபது வருடமாகப் படம் சேர்க்கிறேன். எனக்குக் கையால் எழுதி வந்த முதல் கடிதம் உங்களுடையது. “டீச்சரம்மா கிட்ட நல்லா மாட்டிகினியா?” என்று என் மனைவி சிரிக்கிறாள். கைவண்டி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. மன்னிக்கவும்.

ஆனால் டிராம் நின்ற பிறகும் தண்டவாளத்தை உடனே எடுத்துவிடவில்லை. பல தெருக்களில் வருடக்கணக்கில் கிடந்தது என்று என் அப்பா சொல்வார். அந்த நெகட்டிவ், புரசைவாக்கத்தில் மூடிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து மூட்டையாக வாங்கியதில் இருந்தது. உறைமேல் பென்சிலால் “59” என்று எழுதியிருக்கிறது.

மே மாதம் இந்தப் படங்கள் புத்தகமாக வருகின்றன. அதனால் தவறு இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்தப் படத்தில் வேறு ஏதாவது கவனித்தீர்களா அம்மா?

அன்புடன்,
சுதாகர்


ஆரணி
24.1.2025

சுதாகர் அவர்களுக்கு,

பென்சில் எழுத்து ஒரு சான்றா? யார் எழுதியதோ, எப்போது எழுதியதோ.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். படத்தில் இருப்பவள் என் அம்மா, தெய்வநாயகி.

எப்படித் தெரியும் என்பீர்கள். முந்தானையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கையகல அன்னங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அன்னத்துக்கும் கழுத்தில் ஒரு வெட்டு விழுந்திருக்கும், தலை தனியாக, உடல் தனியாக. தறியில் பூவுக்கு நூல் கட்டும்போது நேர்ந்த பிழை. அந்த ஒரே பாவு நூலில் என் அப்பா நெய்த மூன்று புடவைகளையும் வியாபாரி திருப்பிவிட்டார். ஒன்று என் அத்தையோடு சிதைக்குப் போயிற்று. ஒன்று என் பீரோவில் இருக்கிறது. மூன்றாவது அம்மாவிடம் இருந்தது. நாலாவது என்று ஒன்று உலகத்தில் இல்லை.

1955 தை மாதம் அம்மா கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனாள். எனக்கு ஏழு வயது. என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போகவில்லை. அந்த மாதமே அப்பா என்னை வேலூரில் கான்வென்ட் விடுதியில் சேர்த்தார். அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. முகம் எனக்கு நினைவில்லை.

அதனால்தான் 1959 என்று இருக்க முடியாது என்கிறேன். இறப்பதற்கு முன் ஏதோ கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போயிருக்கிறாள். காலண்டரில் படத்தை ஓரத்தில் வெட்டியிருக்கிறார்கள். முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அவசரம் இல்லை என்று முன்பு எழுதியது உண்மையல்ல.

சுபலட்சுமி


பெரம்பூர்
20.2.2025

அம்மா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை. எழுதத் தைரியம் வரவில்லை.

முழு நெகட்டிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்னங்கள் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. காலண்டரில் வெட்டுப்பட்ட ஓரத்தில் ஒரு டீக்கடைப் பலகை தெரிகிறது. அதில் “டீ 6 ந.பை.” என்று எழுதியிருக்கிறது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முன் அணாதான். ஐம்பத்தொன்பதா, ஐம்பத்தெட்டா என்று வேண்டுமானால் பேசலாம் அம்மா. ஐம்பத்தைந்துக்கு முன்னால் என்று சொல்ல வழியே இல்லை.

அதே சுருளில் அடுத்த நெகட்டிவும் இருக்கிறது. அதில் அவர்கள் திரும்பியிருக்கிறார்கள். முகம் நன்றாகத் தெரிகிறது. நீங்கள் கேட்டால் மட்டும் அனுப்புகிறேன்.

சுதாகர்


ஆரணி
3.3.2025

தம்பி சுதாகர்,

முகத்தை அனுப்ப வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பச்சையம்மாளைப் பார்க்கப் போனேன். எங்கள் பழைய தெருக்காரி. தொண்ணூறு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். அம்மா எந்தக் கிணற்றில் விழுந்தாள் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கெணறா? ஏம்மே, உங்கம்மா விடியக்காத்தால கண்ணமங்கலம் பஸ்ஸுல ஏறிப் போய்க்கினே இருந்தாளே. நான்தான் தண்ணி புடிச்சிகினு நின்னேன். தெருவுக்கே தெரியும். நீ கான்வென்ட்ல இங்கிலீஸ் படிச்சவ, உன்கிட்ட வந்து யாரு சொல்றது?” என்றாள்.

எழுபது வருடம், அந்தத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் நான் தலை நிமிர்ந்து நடந்தேன். அத்தனை பேரும் தெரிந்துகொண்டு வழிவிட்டிருக்கிறார்கள்.

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் விட்டேன். நூல் கட்டியது அம்மா. பிழை அவளுடையது. புடவைகள் திரும்பி வந்த அன்று அப்பா அதில் ஒன்றை அவள்மேல் வீசினார். “உன் தப்ப நீயே கட்டிகினு தெருவுல நட. எல்லாம் பாக்கட்டும்” என்றார். அம்மா கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள், கடைக்குப் போனாள். நெசவாளர் தெரு. அந்த அன்னத்தைப் படிக்கத் தெரியாத கண் அங்கே ஒன்றும் கிடையாது. அவளோடு நடக்க வெட்கப்பட்டு நான் பத்தடி பின்னால் வருவேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். நான் வேறெங்கோ பார்ப்பேன்.

ஒவ்வொரு தையிலும் பீரோவில் இருக்கும் புடவையை மணையில் வைத்து அவளுக்குப் படையல் போட்டேன். உயிரோடு இருந்தவளுக்கு இலை போட்டிருக்கிறேன்.

என் வாழ்நாளில் யாரையும் பொய் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை. உங்களிடம் கேட்கிறேன். புத்தகத்தில் 1952 என்று போடுங்கள். பலகையை வெட்டிவிடுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை. என்னைவிட்டுப் போகவில்லை, செத்துப்போனாள் என்று ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும். காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுபலட்சுமி


பெரம்பூர்
11.3.2025

அம்மா,

வருடத்தை மாற்ற என்னால் முடியாது. ஒன்றை மாற்றினால் மீதி நாலாயிரம் படத்துக்கும் நான் எழுதிய வருடத்தை யார் நம்புவார்கள்? ஆனால் புத்தகத்திலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிடுகிறேன். அது என் கையில் இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லியும் இதனுடன் ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் முகம் என் அலமாரியில் இருப்பது நியாயமாகத் தெரியவில்லை. பிரிக்காமலே திருப்பி அனுப்பினாலும் வருத்தப்பட மாட்டேன்.

சுதாகர்


ஆரணி
17.3.2025

அன்புள்ள தம்பி சுதாகருக்கு,

மூன்று நாள் உறையைப் பிரிக்கவில்லை. நேற்று மத்தியானம் பிரித்தேன்.

அழுதுகொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். இளைத்து, கறுத்து, என்னைத் தேடுகிற முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கன்னம் சதை பிடித்திருக்கிறது. யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், பல் தெரிய. தோளில் அந்தப் புடவை. இந்த ஊரில் யார் முன்னாலும் அவளால் அதைக் கட்டிக்கொண்டு சிரித்திருக்க முடியாது. மூர் மார்க்கெட்டில் அது வெறும் பட்டுப்புடவை.

அவள் முகத்தில் எனக்கான துக்கத்தைத் தேடினேன். லென்ஸ் வைத்துத் தேடினேன். இல்லை. கான்வென்ட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வரும்போது, என் அம்மா செத்துவிட்டாள் என்று பெருமையாகச் சொல்வேன், செத்தவள் வரமாட்டாள் அல்லவா. பஸ் இருந்தது தம்பி. அவள் வந்திருக்கலாம். வந்து, வாசலில் நின்று, நான் வேறெங்கோ பார்ப்பேன் என்று பயந்து திரும்பிப் போனாளோ என்னவோ. அதை யாரிடம் கேட்பேன்?

படத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டாம். 1959 என்றே இருக்கட்டும்.

நாலாயிரம் படம் என்று எழுதியிருந்தீர்கள். அத்தனையிலும் தெருதான், அத்தனையிலும் ஜனங்கள்தான். அறுபதில் அவள் எங்கே நின்றாள், அறுபத்தைந்தில் நரைத்திருந்தாளா, எனக்குத் தெரிய வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு வயது எழுபத்தேழு. ஒரு நாளைக்கு ஐம்பது படம் பார்த்தால் முடித்துவிடலாம். வரும் திங்கட்கிழமை, 24ஆம் தேதி, காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். லென்ஸ் கொண்டுவருகிறேன். உட்கார ஒரு நாற்காலி போதும்.

அவள் எந்தப் புடவை கட்டியிருந்தாலும் பரவாயில்லை. இப்போது எனக்கு முகம் தெரியும்.

உங்கள்,
சுபலட்சுமி