ஒரு நாளும் விடாத மாத்திரை

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் இருமல் முந்திக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். எனக்கு வந்திருப்பது டிபிதான். ஆறு மாதம் மாத்திரை. கடையில் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் என்னைத் திட்டிக்கொண்டு கிடக்கின்றன. மாத்திரை போட்டால் குமட்டுகிறது, சிறுநீர் செங்கல் நிறத்தில் போகிறது. "வீட்டுல யாருக்காவது இந்த மருந்து ஒத்துக்காம போச்சா?" என்று டாக்டர் கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் டிபியே வந்ததில்லை என்றேன். அப்பா போனது காமாலையில்தானே.

உன் தம்பி

மார்ச் 12

என் செல்லத் தம்பிக்கு,

காய்ச்சல் மாத்திரையையே ஜன்னல் வழியாக வீசியவன் நீ. இப்போது அந்த வேலை வேண்டாம். நிறம் மாறுவது மருந்தால்தான், மருந்துக் கடையில் கேட்டுவிட்டேன். வாந்தி வந்தாலும் ஒரு நாள்கூட விடாதே, என் மேல் ஆணை. அப்பா பேச்சு இப்போது எதற்கு? நன்றாகச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நீ ஆணையிட்டுவிட்டாயே என்று ஒரு நாளும் விடவில்லை. சிறுநீர் இன்னும் கருத்தபோதும், மருந்துதானே என்று கண்டுகொள்ளவில்லை. என் கண் மஞ்சளானதை என் மனைவி பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்லீரல் கெட்டுவிட்டதாம். மாத்திரையை நிறுத்திவிட்டு மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அந்த மருந்துகளில் ஒன்றை என் உடம்பு ரொம்ப மெதுவாகத்தான் சிதைக்குமாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஈரல் கெட வாய்ப்பு அதிகமாம். அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் வருவதாம். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா அளவைக் குறைச்சு, அடிக்கடி ரத்தம் பாத்திருப்போம்" என்கிறார் டாக்டர். அக்கா, அப்பா கடைசியில் என்ன மாத்திரை சாப்பிட்டார்? உட்கார முடியவில்லை, நிறுத்துகிறேன்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பி,

அதே மாத்திரைதான். அப்பாவுக்கும் டிபி. ஐந்தாவது வாரம் கண் மஞ்சளானது. டிபி என்று வெளியே தெரிந்தால் எனக்குக் கல்யாணம் ஆகாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உனக்கு அப்போது நான்கு வயது. உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. இத்தனை வருடம் மூடி வைத்ததைச் சொல்லப் பயந்துபோய், ஆணையிட்டு எழுதினேன்.

நீ இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை என்று உன் மனைவி போன் செய்தாள். என் ஈரலில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காலம் கடந்துவிட்டது என்கிறார்களாம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லையடா.

நாளைக் காலை நானே வந்து இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுக்கிறேன். டாக்டரிடம் காட்டட்டும், உன் பிள்ளைகளுக்காவது உதவும். படித்த பிறகு உன்னைப் பார்க்க என்னை உள்ளே விடுவாளா, தெரியாது. விடாவிட்டால் அது நியாயம்தான்.

அக்கா