அடுப்புக்கு மேல் இருந்த காப்பி மூட்டை

மார்ச் 4, புதன். திருவொற்றியூர்.

கொல்லிமலைப் பொன்னம்மாளின் காப்பிக்கொட்டை இன்று ஏற்றுமதிக்குத் தேறவில்லை. இரண்டு மூட்டை, அவருடைய ஒரு வருஷ விளைச்சல். ராயபுரம் குடோனில் தரம் பார்க்கும் நசீர் பாய் கொட்டையை வறுத்து அரைத்துக் காய்ச்சி, ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"புகை வாடை ஏறிக்கீதும்மா. இத்த எப்படி கப்பல்ல அனுப்புறது?"

வாசலுக்கு வந்து பொன்னம்மாளுக்குப் போன் செய்தேன். மூட்டையை எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன்.

"அடுப்புக்கு மேல, பரண்லதான் கண்ணு. காலந்தப்பி மழை பேஞ்சுது. ஈரம் அண்டக்கூடாதுன்னு நீதான சொன்ன? வெதைக் கேவுரும் அங்கதான் வெப்போம்."

சொன்னது நான்தான். மலையில் காப்பி விவசாயிகளுக்கு நான் எடுத்த மூன்று பயிற்சி வகுப்பிலும் மழையைப் பற்றியே பேசினேன். புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் ஈரம் படாத இடம் எது என்று கேட்கவும் தோன்றவில்லை.

நான் விஷயத்தைச் சொல்வதற்குள் அவரே பேசினார்.

"ஊர்ல எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். இப்ப எல்லார் ஊட்டு மூட்டையும் அடுப்பு மேலதான் இருக்குது. நீ நல்லா இருக்கணும் கண்ணு."

மூட்டைகளை இறக்கச் சொல்ல வாய் வரவில்லை. சரிங்கம்மா என்று வைத்துவிட்டேன். ராத்திரிச் சோற்றுக்கு மூட்டிய அடுப்பெல்லாம், இதை எழுதும் இந்நேரம் அங்கே எரிந்து அடங்கியிருக்கும்.