இறங்காத வாவி

டிசம்பர் 9, செவ்வாய்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எங்கள் பொறியியல் பீடத்தில் இளமாணிப் பட்டப்படிப்பு மட்டும்தான், மேற்படிப்பு இல்லை; எங்கள் கவனமெல்லாம் இந்தப் பிள்ளைகள்மேல்தான். இங்கே ஒவ்வொரு பிள்ளையும் கையால் செய்துதான் படிக்கிறது என்று பெற்றோரிடம் நானே பெருமையடித்திருக்கிறேன்.

இரண்டாம் வருடத்துக்குக் கொடுத்தது சின்ன வேலை. வளாகத்துக்குப் பின்னால் வாவிக்குள் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் தினமும் காலையில் நீர்மட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். இன்று அறிக்கைகள் வந்தன. எல்லாக் குழுவுக்கும் இன்று காலை வரை ஏழு நாளும் ஒரே மட்டம். ஒரு மில்லிமீற்றர்கூட மாறவில்லை. முதல் நாள் யாரோ பார்த்ததையே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வெள்ளம் வடியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தை, வாவியைக் கடலிலிருந்து மறிக்கும் மணல்மேட்டை, வெட்டிவிட்டார்கள். வாவி இறங்கி, கம்பம் வெறும் சேற்றில் நிற்கிறது. அடியில் கொக்கு மேய்கிறது.

"ஆராவது கரைக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

கஜனை எழுப்பினேன். பழுகாமத்துப் பையன், அப்பா வேளாண்மை செய்கிறவர்.

"முகத்துவாரம் வெட்டினது தெரியுமா தம்பி?"

"ஓம் சேர். வெட்டச் சொல்லிக் கேக்க அப்பாவோட நானும் அரசாங்க அதிபர்ர கச்சேரிக்குப் போனனான். எங்கட வயல் வட்டையில தண்ணியெல்லாம் வடிஞ்சிட்டு, பயிர் தப்பிட்டு." முகமெல்லாம் சிரிப்பு.

"பிறகு ஏன் வாவி இறங்கல்ல எண்டு எழுதினீங்க?"

"அது ஊர்ல சேர். இது பிரக்டிகல்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. இதில் என்ன பிழை என்பதுபோல் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.