வாயைத் திறக்க மாட்டேன் என்று செய்த சத்தியம்

பிப்ரவரி 9, ஞாயிறு

அமாரி கல்லூரி மேடையில் பேசப்போகிறாள். என் பேத்தி! கறுப்புப் பெண்களின் வரலாற்றுக் கொண்டாட்டமாம். ஆராதனை முடிந்து சபையார் கலைவதற்குள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். போதகரிடம் இரண்டு முறை.

வெர்னெல் பிங்க்னி மட்டும் காதில் விழாதவள் போலக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்காகக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"எத்தனை நிமிஷம் பேசுறா?" என்றாள்.

"எவ்வளவு பேசினா உனக்கென்னடி?"

மூன்று நிமிடம். அதை நான் ஏன் அவளிடம் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 13, வியாழன்

கொண்டாட்டம் இந்த மாதத்தின் கடைசி நாள், மதியம். ஏன் அன்றைக்கு என்று அமாரியிடம் கேட்டேன். இங்கே பிப்ரவரி கறுப்பர்களின் வரலாற்று மாதம், மார்ச் பெண்களின் வரலாற்று மாதம். நாங்கள் இரண்டுமாக இருப்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு நேரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு தொடங்கியபோது தக்காளித் தோட்டத்தில் குனிந்துகொண்டிருந்தேன். ஆனாலும் இரண்டு மாதத்தைக் கூட்டினால் ஒரு மதியம் வரும் என்று எந்த டீச்சரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அமாரி சமையலறையில் நின்று பேச்சை வாசித்துக் காட்டினாள். என் பாட்டி காலத்தில் எங்கள் ஊர்ச் சலவைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து துவைப்பதை நிறுத்திய கதை. ஹோட்டல் முதலாளி விட்டேக்கர் கூலியைப் பாதியாகக் குறைத்தார். பெண்கள் அவருடைய படுக்கை விரிப்புகளை எல்லாம் நனைத்து, நனைத்தபடியே அவர் வாசலில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நல்ல கோடை. நாற்றம் தாங்காமல் விருந்தாளிகள் ஓடினார்கள். பழைய கூலி திரும்பி வந்தது.

"பாட்டி, அந்த விட்டேக்கர் பேருதான் நான் பேசப்போற அரங்கத்து வாசல்ல இருக்கு."

சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த கீரை அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

விழாக்குழுத் தலைவி கோர்ட்னி என்ற வெள்ளைக்காரப் பெண் பேச்சைப் படித்துவிட்டு அழுதாளாம். அழுது முடித்துவிட்டு, "அந்தப் பேரை மட்டும் எடுத்துடலாமா? அந்தக் குடும்பத்துலேருந்து ரெண்டு பேர் முன்வரிசைக்கு வர்றாங்க. கொண்டாட்டம்தானே, யார் மனசும் நோகக் கூடாதில்ல?" என்றாளாம். பெயர் இருந்த இடத்தில் 'அந்தக் காலத்துச் சூழ்நிலை' என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

சூழ்நிலை கூலியைக் குறைத்தது. சூழ்நிலையின் வாசலில் ஈர விரிப்பு.

"என்ன பண்ணட்டும் பாட்டி?"

"மேடையை விடாதே. சபை ஆளுங்க வர பஸ் சொல்லியாச்சு."

அவள் தாளைப் பைக்குள் திணித்தாள். நான் சொன்னது சரிதானே? அங்கே ஏறி நிற்பதே பெரிய விஷயம் இல்லையா?

பிப்ரவரி 25, செவ்வாய்

"பாட்டி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

கேட்டது இரண்டு. நான் ஆராதனைக்குப் போடும் பெரிய தொப்பி வேண்டாம், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். அவள் பேசும்போது 'ஆமென்', 'சொல்லு கண்ணு' என்று சபையில் செய்வதுபோல் நான் குரல் கொடுக்கவும் கூடாது. "அங்கெல்லாம் கையைக் கட்டிக்கிட்டு சும்மா கேப்பாங்க பாட்டி."

சும்மா இருந்தால், கேட்கிறார்களா தூங்குகிறார்களா என்று பேசுகிறவளுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

சின்னத் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். தபால்காரர் மாதிரி இருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வாசலில் எல்லாருக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டினார்கள். என்னுடையதில் 'ஒடெல்லா' என்று மட்டும். "ஒடெல்லா! வந்துட்டீங்களா!" என்று கோர்ட்னி கட்டிப்பிடித்தாள். அவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. என் அம்மாவை அவள் சாகும்வரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கட்டிப்பிடிப்பது மட்டும் புதிது. பேனா வாங்கிப் பெயருக்கு முன்னால் 'திருமதி', பின்னால் 'மானிகோ' என்று எழுதினேன். வெர்னெல் பேனாவுக்குக் கை நீட்டினாள். பிறகு பஸ்ஸில் வந்த எல்லாரும். வரிசை நகரவே இல்லை.

சாப்பாட்டு மேசையில் 'மூதாதையர் சுவை' என்று பலகை. கோழி வறுவலில் உப்பில்லை. யாருடைய மூதாதையர் என்று பலகையில் எழுதவில்லை.

வெளியூர்ப் பேராசிரியை ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். "ஆண்டவரே, அவங்களுக்குக் கை கொடும்" என்று வெர்னெல் முனகினாள். பிரசங்கம் எடுபடாமல் மூழ்கும்போது எங்கள் சபையில் சொல்வது அது. கோர்ட்னி திரும்பி, நெஞ்சில் கை வைத்து அவளுக்கு நன்றி சொன்னாள்.

பிறகு அமாரி.

நன்றாகத்தான் தொடங்கினாள். "கூலியைப் பாதியாக் குறைச்சது..." என்று வந்து நின்றுவிட்டாள். தாளைப் பார்த்தாள். அந்தச் சூழ்நிலையைத்தான் பார்த்திருப்பாள். வார்த்தை வரவில்லை. அரங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாரோ இருமினார்கள். ஐயோ, பிள்ளை அங்க தனியா நிக்குது, நான் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், எந்த நேரத்துல இந்தச் சத்தியத்தைப் பண்ணித் தொலைச்சேன் — கைப்பை வாரைக் கடித்துக்கொண்டேன். உண்மையாகவே கடித்தேன்.

"மெதுவா சொல்லும்மா கண்ணு. அவசரமே இல்ல."

வெர்னெல்! அவள் யாருக்கும் சத்தியம் செய்துகொடுக்கவில்லையே.

"நாங்க இருக்கோம், சொல்லு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு பஸ் முழுவதும்.

அமாரி தாளை மடித்தாள். நிமிர்ந்தாள். "கூலியைக் குறைச்சவர் பேரு வெளிய வாசல்ல பெருசா எழுதியிருக்கு. போகும்போது எல்லாரும் படிச்சுட்டுப் போங்க."

எங்கள் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் நிகழ்ச்சித் தாளை அதுவரை பார்த்திராதவர்கள் போல உற்றுப் படித்தார்கள். அத்தனை கூச்சலிலும் வாயைத் திறக்காதவள் நான் ஒருத்திதான்.

மார்ச் 2, ஞாயிறு

வெர்னெலுக்கு நன்றி சொல்லப் போனேன்.

"நீ ஏன்டி ஊமை மாதிரி இருந்தே?"

"சத்தியம் பண்ணியிருந்தேன்."

"நல்லவேளை, என்கிட்ட யாரும் கேக்கல."

சபை முழுக்க அவளைச் சுற்றித்தான் நின்றது. பேத்தி என்னுடையவள், பஸ் சொன்னது நான், தபால்காரத் தொப்பி போட்டதும் நான். புகழ் அவளுக்கு.

மார்ச் 11, செவ்வாய்

அடுத்த வருடக் கொண்டாட்டம் நூலகத்தின் கீழ்த்தளத்திலாம். "இன்னும் நெருக்கமா இருக்கும்" என்றாளாம் கோர்ட்னி. அமாரிக்கு மேடை கிடையாது. வெர்னெலை மட்டும் அழைத்திருக்கிறார்கள், பேசுகிறவருக்குக் குரல் கொடுப்பது எப்படி என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்க.

"எந்த இடத்துல சொல்லணும்னு முன்னாடியே கோடு போட்டுத் தருவாங்களாம், ஒடெல்லா!"

இரண்டு பேரும் சிரித்து மூச்சு வாங்கினோம். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. மேடையை விடாதே என்றேன். அமாரி விட்டுவிட்டாள். அந்தப் பெயரைக் காட்டிவிட்டு விட்டாள். அதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை.

மார்ச் 20, வியாழன்

பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறன்று அமாரியைப் பேசச் சொல்லிப் போதகர் கேட்டிருக்கிறார். எங்கள் சபையில். நிமிடக் கணக்கெல்லாம் இல்லை.

"பாட்டி, இந்தத் தடவை சத்தியம் எதுவும் வேண்டாம், சரியா?"

அலமாரியின் மேலிருந்து பெரிய தொப்பியை இறக்கித் தூசி தட்டினேன். வெர்னெல் எனக்குப் பின்னால்தான் உட்காருவாள். மறைத்தால் மறைக்கட்டும்.