வீட்டில் நிற்கச் சொன்ன நாள்

குளத்தடி,
நெடுங்கேணி.
9.2.1964

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, எனக்கு முழங்கால் வழக்கம்போல. இதைச் சுகம் என்று எழுதினால் பிழையில்லை. நீயும் அந்தச் சீமைக் குளிரில் சுகமாய் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நெல் அருவி வெட்டு முடியும் தறுவாயில் போன கிழமை பெய்த மழை அடுக்கி வைத்த கதிர்ச் சூடுகளை நனைத்துவிட்டது, எல்லோரும் களத்தில் நெல்லைக் காயவைத்துக்கொண்டு நிற்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாதி வாங்குகள் வெறுமையாகக் கிடக்கின்றன. உன் கடிதம் கிடைத்தது. பங்குனியில் வாய்மொழிப் பரீட்சை என்றும், அது வெறும் சடங்கு என்று பேராசிரியர் சொன்னதாகவும், அது முடிந்ததும் இங்கே பேராதனையில் விரிவுரையாளர் வேலை உனக்கென்று வைத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அப்பா அதை பஸ் கொண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டார். நானும் சந்தோஷப்பட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். இனி எழுதப்போவதைத் தனியே இருந்து வாசி, மற்றவர்கள் முன்னால் வாசிக்காதே.

நீ கப்பலில் அனுப்பிய உன் பட்ட ஆய்வேட்டின் தட்டச்சுப் பிரதி பொங்கலுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயர்கள் சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தாய், நான் முழுவதையும் வாசித்தேன். தண்ணீர்ப் பங்கீடு பற்றிய பகுதி நன்றாக இருக்கிறது, விதைநெல் பற்றியதும் அப்படியே. நாலாம் அத்தியாயத்தில்தான் நின்றுவிட்டேன். அரசாங்கம் காணி கொடுத்த இடத்தில் குத்தகை இல்லாமல் போகிறது, காணி பெற்றவரே உழுது விதைத்து அறுக்கிறார் என்பது உன் முடிவு. அதற்கு முதல் சாட்சியாக மயில்வாகனத்தை நிறுத்தியிருக்கிறாய். இந்த மண்ணை விட்டு ஒரு போகம்கூட விலகியதில்லை என்று அவர் சொன்னதாக எழுதி, அவருடைய வீட்டுச் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய். மகள், மயில்வாகனம் சாவகச்சேரியில் கடை வைத்திருக்கிறார். காணி கிடைத்துக் கொஞ்சக் காலத்திலேயே அங்கே திரும்பிவிட்டார். அறுவடைக்கு வந்து தன் பங்கை லொறியில் ஏற்றிக்கொண்டு போவார், அவ்வளவுதான். அந்த வீட்டில் இருந்து அந்தக் காணியைச் செய்வது முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த கிறகோரியும் அவருடைய மனைவி புனிதமும். அவர்களுடைய பிள்ளைகள் என்னிடம்தான் படிக்கிறார்கள். நீ விடுதியிலும் பிறகு பேராதனையிலும் வளர்ந்தவள், விடுமுறைக்கு வந்து போனவள், உனக்கு முகங்கள் தெரியாது. நீ கேள்விகளோடு வீடு வீடாகப் போன அன்று நானும் பரீட்சைக் கண்காணிப்புக்காக வவுனியாவில் நின்றேன். புனிதம் உன் எழுத்தில் வருகிறாள். முற்றத்தில் நின்ற கூலிப்பெண் செம்பில் தண்ணீர் கொடுத்தாள் என்று ஒரு வரி.

ஒரு வீட்டில் நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே வாசித்தேன். அடுத்த சாட்சியும் அப்படி, அதற்கடுத்தவரும் அப்படி. எல்லோரும் ஒரே நாளில் எப்படி வந்து நின்றார்கள் என்று விளங்காமல் அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "நான்தான் சொல்லியனுப்பினனான். பிள்ளை வெயிலுக்குள்ளை ஆக்களைத் தேடி அலையக்கூடாது, எல்லாரும் வீட்டிலை நில்லுங்கோ எண்டு ஐயாத்துரையை விட்டு வாய்க்கால் வாய்க்காலாய்ச் சொல்லுவிச்சனான்" என்றார். ஐயாத்துரை, குளத்து ஓவசியரான அப்பாவுக்குக் கீழே துருசு திறந்து தண்ணீர் விடுகிற ஆள். அவர் சைக்கிளில் வந்து, ஓவசியர் ஐயா எல்லாரையும் வீட்டில் நிற்கச் சொன்னார் என்றால் குடியேற்றத்தில் அதற்கு ஒரேயொரு பொருள்தான், காணிப் பரிசோதனை வருகிறது. குத்தகைக்குக் கொடுத்தது தெரிந்தால் காணி பறிபோகும். மிச்சத்தை நான் வீடு வீடாக விசாரித்துத்தான் அறிந்தேன். அந்தச் சொல்லு யாழ்ப்பாணம் வரைக்கும் போயிருக்கிறது, காணிக்காரர் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். குத்தகைக்காரரின் பாயும் பானையும் காட்டோரத்துக் காவல் கொட்டிலுக்குப் போயின. கிறகோரியும் அங்கேதான் படுத்திருந்தாராம். பிள்ளைகளுக்கு மயில்வாகனத்தைப் பெரியப்பா என்று கூப்பிடப் பழக்கினார்களாம். மாதா படத்தைக் கழற்றி நெல்மூட்டைக்குள் வைத்துவிட்டு அதே ஆணியில் பிள்ளையாரைக் கொழுவினார்கள். நீ கண்டது அந்தப் பிள்ளையாரைத்தான். அப்பா இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டார். உனக்கு உதவி செய்யத்தான் அவர் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான் விசாரித்த செய்தி சாவகச்சேரிக்குப் போய், மயில்வாகனம் ஒரு பார்சல் பனம்பழப் பனாட்டோடு வந்து கதிரையில் இருந்தார். புனிதத்தையும் கூட்டிவந்து குசினி வாசலில் நிறுத்தினார். "ரீச்சர், ஊரிலை தாய்மார் பிள்ளையின்ரை பட்டத்துக்கு நேத்தி வைக்கினம், நீங்கள் என்னெண்டால் அதைக் குழப்ப வீடு வீடாய் விசாரிக்கிறியளாம்" என்றார். ஒரு போகமும் இந்த மண்ணை விட்டு விலகாதவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் கண்டது எனக்கும் புதினமாக இருக்கிறது என்றேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பகிடி கிடக்கட்டும். காணிக் கச்சேரிக்காரன் வந்தால் முதலிலை வெளிக்கிடுறது நானில்லை, உதிலை நிக்கிறவள்தான். அதை நினைச்சு எழுதுங்கோ." அது பொய்யான மிரட்டலென்றால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பனாட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அப்பாவோடும் சரிவரவில்லை. "நீர் ஒரு மாசம் பொறும். பிள்ளை பட்டத்தை வாங்கட்டும், பிறகு ஆறுதலாய் எழுதலாம்" என்றார். பிறகு எழுதினால் அது ஒளித்து வைக்கும்படி அவளுக்கு ஒரு களவுப் பொருளைக் கொடுப்பது போலாகும் என்றேன். "அவள் உமக்கு மகளோ, வகுப்பிலை இருக்கிற பிள்ளையோ?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சில நாட்கள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருவரும் சாப்பிட்டோம். பிறகு ஒருநாள் நான் வேறு விதமாகக் கேட்டேன், குளத்து அளவுப்பலகையில் இருப்பதைவிட ஒரு அடி கூட்டி எப்போதாவது வவுனியாவுக்கு எழுதுவீர்களா என்று. "அதெப்பிடி எழுதுறது, அங்கை இருக்கிற எஞ்சினியர் அதை நம்பித்தானே எத்தினை ஏக்கர் விதைக்கிறதெண்டு முடிவு செய்யிறார், இல்லாத தண்ணியை எழுதினால் கடைசி வாய்க்கால்காரன்..." என்று தொடங்கியவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்து, எழுதும் என்று மட்டும் சொன்னார். நான் முதலில் எழுதிய பிரதியில் சொல்லியனுப்பியது யார் என்பதை விட்டிருந்தேன், அவருக்கு உத்தியோகம் இன்னும் இருக்கிறது. அவர் அதை வாசித்துவிட்டு, ஏன் என்னை ஒளிக்கிறீர் என்று கேட்டார். அதனால்தான் மேலே உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

வன்னிக் காட்டுக்குள் போய் யாரும் உன் அட்டவணையைச் சரிபார்க்கப் போவதில்லை என்று உன் பேராசிரியர் பகிடியாகச் சொன்னதை மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு எழுதிய கடிதத்தில் எழுதியிருந்தாய். அன்று நானும் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை, அந்தக் காட்டுக்குள் இருப்பது நான். கொழும்பில் நான் படித்த காலத்திலேயே, கறுப்பு அங்கி போட்டவர்கள் எல்லோரும் உண்மைதான் பேசுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை. பட்டமளிப்பு விழாப் பேச்சுகளிலும் இல்லை. நான் நம்புவது சின்னச் சங்கதி ஒன்றைத்தான். நூலகத்தில் உன் பக்கத்தைப் புரட்டுகிற ஆளால் நெடுங்கேணிக்கு பஸ் ஏறி வந்து பார்க்க முடியாது, அவரிடம் இருப்பது உன் சொல் மட்டும்தான். கட்டடமும் மணிக்கூட்டுக் கோபுரமும் எந்த அரசாங்கமும் கட்டிக் கொடுக்கும், இந்தச் சொல்லை அங்கே இருக்கிற ஒவ்வொருவரும் தானே காப்பாற்ற வேண்டும், ஒருவர் விட்டால் அடுத்தவருக்கு விடுவது லேசு. நாளைக்கு நீ விரிவுரையாளராக நிற்கும்போது ஒரு மாணவன் தெரிந்துகொண்டே பிழையான கணக்கைக் கொண்டுவந்து நீட்டினால் அவன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாய்? உன் முடிவை இங்கத்தைக் காணி இலாகாவுக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று வேறு எழுதியிருந்தாய். குத்தகைக்காரரே இல்லை என்றால் அவர்களுக்குப் பாதுகாப்பு எதற்கு என்றுதான் அதை வாசிப்பவர்கள் கேட்பார்கள். அடுத்த குளத்துக் குடியேற்றத்திலும் இதே கதைதான் நடக்கும்.

மயில்வாகனம் வந்துபோன அடுத்த நாள் புனிதம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு தனியே வந்தாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. நீ தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள், நான் உள்ளதைச் சொன்னேன். "எங்கடை பேர் வேண்டாம் ரீச்சர். காணி இலக்கமும் வேண்டாம். எழுப்பி விட்டால் திரும்பிப் போக எங்களுக்குக் கரையிலை வள்ளமும் இல்லை. ஆனா கூலிக்கு நிண்டவள் எண்டதை மட்டும் வெட்டச் சொல்லுங்கோ. அந்தக் காட்டுப் பத்தையெல்லாம் வெட்டித் துப்புரவாக்கினது நாங்கள்" என்றாள். பிறகு, அந்தத் தண்ணீர் தன்னுடைய செம்பு, தன்னுடைய குடத்துத் தண்ணீர் என்றாள். அதை உனக்கு எழுதுவேன் என்று சொன்னேன். எழுதிவிட்டேன்.

இனி நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். பரீட்சைக்கு முன்னால் பேராசிரியரிடம் போய், வாயால் அல்ல, எழுத்தில் கொடு. நீ போன நாளை ஒரு அரசாங்க உத்தியோகத்தர் முன்கூட்டியே அறிவித்திருந்தார், அதனால் அன்று வீட்டில் நின்றவர்கள் காணியைச் செய்கிறவர்கள் அல்லர், யார் செய்கிறார்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் எதையும் எடுக்க முடியாது, நாலாம் அத்தியாயத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுது. நீயே அளந்து பார்த்த தண்ணீரும் விளைச்சலும் நிற்கட்டும். குளத்தின் பெயர், வாய்க்கால், காணி இலக்கம், ஆட்களின் பெயர் ஒன்றும் எங்கும் வரக்கூடாது, நீ பதில்களை எழுதிவந்த தாள்களை யார் கேட்டாலும் கொடுக்காதே, பேராசிரியர் கேட்டாலும்தான். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல், என் பட்டத்தையும் பதவியையும் போட்டுக்கொள், நான் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். இப்படியெல்லாம் செய்தாலும் புனிதத்துக்கு ஒன்றும் வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உன்னை மெச்சுவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகலாம், வேலை வேறொருவருக்குப் போகலாம், பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசாமல் விடலாம். நீ யாரையும் ஏமாற்றவில்லை மகள், ஏமாந்தாய், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வாசித்த பிறகும் அந்த அத்தியாயத்தோடு போய் அவர்கள் முன்னால் இருந்தால் அது வேறு. அந்த வேறுபாட்டை உன் கையில் கொண்டுவந்து வைத்தது நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். என்னோடு கோபிக்க வேண்டுமானால் கோபி, ஆனால் முதலில் அதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கோபி.

குளிருக்குக் கம்பளிக் காலுறை போடாமல் திரியாதே, தேங்காயெண்ணெய் முடிந்திருந்தால் எழுது, கொழும்புக்குப் போகிற ஆள் யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம். பேராசிரியரிடம் கொடுத்த நாளைத் தந்தியில் அறிவிக்க வேண்டாம், தந்தி வந்தால் ஊர் முழுவதும் அறியும், கடிதம் போதும். என்ன நடந்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குப் பூட்டியிருக்காது. நீ நல்லாயிருக்க வேண்டும், நிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

அன்புடன்,
உன் அம்மா
தி. நாகேஸ்வரி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் அப்பா இதையும் சேர்க்கச் சொல்கிறார். திரும்பி வந்து இன்னொரு முறை வீடு வீடாகப் போவதென்றால் சைக்கிளுக்குப் புது ரயர் போட்டு வைப்பாராம். "இந்த முறை ஒருத்தருக்கும் சொல்லியனுப்ப மாட்டன் எண்டு எழுதும்" என்கிறார்.