உங்கள் கையிலிருந்து பறித்த மைக்

அண்ணை,

போன செவ்வாய்க்கிழமை தபால்பெட்டியைத் திறந்தபோது நான்கு முகங்கள் சிரித்தபடி என் காலடியில் விழுந்தன. மாநகரத் தேர்தல் வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்துக்கு இந்தமுறை நாலு வேட்பாளர்கள். நாலு பேருக்கும் நல்ல பல். குனிந்து பொறுக்கும்போதே என் கை தன்பாட்டில் நோட்டீஸ்களைப் பின்பக்கம் திருப்பிவிட்டது. "முன்பக்கத்திலை பல்லு, பின்பக்கத்திலைதான் சொல்லு" என்பீர்களே, அந்தப் பழக்கம்.

பின்பக்கத்தை ஆறுதலாக வாசித்தேன். சைக்கிள் பாதை, மரம் நடுவது, வாடகை வீட்டுச் சுவர்களில் பூஞ்சணம், நடைபாதையில் பனி அள்ளுவது. எல்லாம் தேவையானவைதான். நீங்கள் தேடிய ஒன்று மட்டும் நாலிலும் இல்லை.

வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு, எங்கள் கோட்-டெ-நெய்ஜ் வட்டாரத்தில் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் அந்தப் பூங்காதானே எங்கள் இரண்டு பேருக்கும் கந்தோர். ஒன்பதரைக்கு வந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவோம். சீனி வருத்தத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் நடக்கவேணும் என்று டொக்டர் உங்களுக்குச் சொல்லியிருந்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல் நடக்க உங்கள் சலப்பை விடாது, ஒதுங்க இடம் தேடவேணும். என்னுடையதும் அப்படித்தான், அதை உங்களைத் தவிர ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. பூங்காவின் நடுவில் ஒரு கட்டடம், அதற்குள் இரண்டு கழிவறை, வாசலில் 'ஃபெர்மே', பூட்டியிருக்கு, என்று ஒரு கடதாசி. பனி கொட்டும் மாரி முழுக்கப் பூட்டு, கோடையிலும் பாதி நாள் பூட்டு. சந்தியிலிருக்கும் கோப்பிக் கடைக்கு ஓடுவோம். கோப்பி வாங்கினால்தான் கழிவறைத் திறப்பைத் தருவார்கள். வாங்கிய கோப்பியைக் குடித்தால் திரும்பவும் ஓடவேணும். "இதென்ன ஐசே, செக்குமாட்டுச் சீவியம்" என்று வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். சிரித்தால் இன்னும் அவசரமாகிவிடும் என்று நான் பயப்படுவேன்.

பிறகு அந்தப் போன தேர்தல் வந்தது. "எங்கட பிள்ளை ஒண்டு எலெக்சன் கேக்குது" என்று எங்கள் சனம் எல்லாம் எழும்பி நின்றது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, கெட்டிக்காரி. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். குத்துவிளக்கு, பொன்னாடை, வடை, தேத்தண்ணீர், ஒன்றிலும் குறைவில்லை. நிகழ்ச்சியை நடத்தியது வேறு யார்? நான்தான். பிறந்தநாளோ கலியாணமோ, மைக் இருக்கும் இடத்தில் நான் இருப்பேன். "நீர் மைக்கைப் பிடிச்சால் உயிர் போனாலும் விடமாட்டீர்" என்று நக்கலடிப்பீர்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிற ஆள் நான்.

ஐந்து பேர் வாழ்த்துரை சொல்லி முடித்ததும், "ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவு. நீங்கள் எழும்பினீர்கள். மைக் உங்கள் கைக்குப் போனது.

"பிள்ளை, நீங்கள் வெண்டால் முதல் செய்யப்போற மூண்டு வேலை என்ன? அதுக்குள்ளை எங்கட பார்க்கிலை இருக்கிற கக்கூசைத் திறக்கிறது இருக்கோ?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "விளக்கேத்தின இடத்திலை கதைக்கிற கதையைப் பார்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நீங்கள் அசையவில்லை. "சிரியுங்கோ, சிரியுங்கோ. இருபது வருசம் ஆசுப்பத்திரியிலை கக்கூஸ் கழுவினவன் நான். அதைப் பற்றிக் கதைக்க எனக்கென்ன வெக்கம்? எங்களைப்போல வயசுபோன ஆக்களுக்கு..." என்று சொல்லி என்னைப் பார்த்தீர்கள்.

ஓம், அண்ணை சொல்வது சரி, எனக்கும் அது வேணும் என்று நான் சொல்லவேண்டிய இடம் அது. அந்தப் பிள்ளை பேனையை எடுத்து எழுதவும் தொடங்கிவிட்டது. ஆனால் முன்வரிசையில் வெள்ளைக்கார விருந்தினர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது. மேடையை விட்டு இறங்கிவந்து உங்கள் கையிலிருந்து மைக்கை எடுத்தேன். எடுத்தேன் என்று என் மரியாதைக்காகச் சொல்கிறேன். பறித்தேன். "நல்ல கேள்வி அண்ணை, பேந்து கதைப்பம். தேத்தண்ணி ஆறப்போகுது" என்றேன். எனக்குக் கைதட்டினார்கள்.

வாசலில் காலில் சப்பாத்தைப் போடும்போது "நல்லாய் நடத்தினீர்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை தோற்றுப்போனது. நீங்கள் பூங்காவுக்கு வருவது குறைந்து, ஒருநாள் நின்றேவிட்டது. என்னோடு கோபம் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டு அக்கா தேத்தண்ணீர் போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "கோவமெண்டு நினையாதையும். போன கிழமை வாற வழியிலை நனைஞ்சுபோச்சு ஐசே. கோட்டைக் கழட்டி இடுப்பிலை கட்டிக்கொண்டு பின் ஒழுங்கையாலை வீட்டை வந்தன். இனி ஏலாது."

மன்னியுங்கோ அண்ணை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேணும். நான் குளிரைப் பற்றிக் கதைத்தேன்.

இரண்டு மாரி யன்னலோரக் கதிரையில் இருந்தீர்கள். நடக்காத உடம்பில் சீனி ஏறியது. கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். அடுத்த இளவேனிலில் நீங்களும் போய்விட்டீர்கள். அந்தக் கதவு திறந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. சாவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்தக் கதிரைக்கு ஒரு காரணம்தான், அதில் எனக்கும் பங்குண்டு. உங்கள் செத்தவீட்டிலும் மைக் என் கையில்தான் இருந்தது. உங்கள் குணநலம் எல்லாம் பேசினேன், சனம் அழுதது. இந்தக் கதையை மட்டும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் நூலகத்தில் நாலு வேட்பாளர்களையும் ஒன்றாக இருத்திக் கேள்வி கேட்கும் கூட்டம். மகளிடம் என் கேள்வியைப் பிரெஞ்சில் எழுதித் தரச் சொன்னேன். "அப்பா, வாடகையைப் பற்றிக் கேளுங்கோவன். உது வெக்கமெல்லோ?" என்றாள். "வெக்கப்பட்டுத்தான் பிள்ளை இவ்வளவும் வந்தது" என்றேன். விளங்காமல் பார்த்தாள், எழுதியும் தந்தாள்.

என் முறை வந்தது. கடதாசியைப் பார்த்து வாசித்தேன். 'துவாலெட்' என்ற சொல் வந்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். முதல் வேட்பாளர், நல்ல கேள்வி, தேர்தலுக்குப் பிறகு ஆராய்வோம் என்றார். கூட்டத்தை நடத்திய தம்பி மைக்குக்காகக் கையை நீட்டி "மெர்சி, முஸ்யு", நன்றி ஐயா, என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும் அண்ணை. அது என்னுடைய சிரிப்பு.

நான் விடவில்லை. பிரெஞ்சு கடதாசியோடு முடிந்துபோனதால் ஆங்கிலத்தில் பிடித்தேன். "எனக்கு எழுபது தாண்டிவிட்டது. வேறு யாருக்காகவோ கேட்கவில்லை, எனக்கு வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு மேல் என்னால் அடக்க ஏலாது. திறப்பீர்களா, மாட்டீர்களா? நாலு பேரும் சொல்லுங்கள்." சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தைத் தள்ளுவண்டியோடு எனக்குப் பின்னால் நின்ற பெண் "வுய், வுய்", ஓம் ஓம், என்று உரக்கச் சொன்னாள். இரண்டு பேர் திறப்போம் என்றார்கள். ஒருவர் காசில்லை என்றார். நாலாவதாக இருந்த அம்மா, மாரியில் குழாய் உறைந்துவிடும், அதைத் திருத்த ஒரு வருசம் எடுக்கும், அதுவரை கோடை முழுக்கத் திறந்து வைக்கலாம் என்றார். நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் உங்களைப்போல எல்லாவற்றையும் குறித்துவைத்திருக்கிறேன். எனக்கு அந்த அம்மாவில்தான் ஒரு கண். நீங்களும் அவரைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

இன்று காலை பூங்காவில் நாங்கள் குந்துகிற வாங்கில் போய் இருந்தேன். கடதாசி இன்னும் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. கோப்பிக் கடைக்கு ஓடிப்போய் வந்துதான் இதை எழுதுகிறேன். திறக்கும்வரைக்கும் உங்கள் கேள்வி என்னிடம் இருக்கும். இனிக் கூட்டம் நடக்கும் இடமெல்லாம் அதைக் கொண்டுபோவேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனேன். நாலு பேரும் பதில் சொல்லி முடித்தபோதும் அந்தத் தம்பி நீட்டிய கையோடுதான் நின்றார். மைக்கை அவரிடம் கொடுக்கவில்லை அண்ணை. திரும்பி, பின்னால் நின்ற அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன். "நீங்கள் கதையுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவள் பேசி முடிக்கும்வரை ஒருவரும் அதைப் பறிக்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.