அப்பா பார்க்காமலே பாராட்டிய படம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படம் வெளிவந்து இரண்டு வாரமாகிறது, நீ கூப்பிடவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியாதா. அப்பாவின் நாவலில், வீட்டைவிட்டுப் போன மகள் திரும்பி வந்து நிற்கும்போது தகப்பன் கதவைத் திறக்காமலே இருந்துவிடுகிறான், அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் பரிசே கொடுத்தார்கள். நீ அதைப் படமாக எடுக்கும்போது திறக்க வைத்துவிட்டாய். என் கதவ யாரைக் கேட்டு அவ திறந்தா என்று அன்றைக்கு என்னிடம் குதித்தவர்தான், ஐந்து மாதமாக உன் பேச்சை எடுத்தாலே வாயைத் திறப்பதில்லை.

விமர்சனங்கள் நல்லபடியாகத்தான் வந்திருக்கின்றன, எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருவர் மட்டும் போன வெள்ளிக்கிழமைப் பேப்பரில், தகப்பன் செதுக்கிய சிலைக்கு மகள் சாயம் பூசிவிட்டாள் என்று எழுதிவிட்டார். அப்பா அதை நின்றபடியே படித்தார். தன் பக்கம் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று உச்சி குளிர்ந்துபோவார் என்று பார்த்தால், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம். எம்பொண்ண நான் சொல்லலாம், இவன் யாரு சொல்றதுக்கு என்று மேசையைத் தட்டிவிட்டு, பல்கூடத் துலக்காமல் உட்கார்ந்து பத்திரிகைக்குப் பதில் எழுதினார். உன் முடிவுதான் சரி என்று அதில் சாதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்கள், அந்தத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் அதுவரை அவர் படத்தையே பார்க்கவில்லை. பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, எந்தக் காட்சி சார் ரொம்பப் பிடிச்சுது என்று கேட்டதும் திருதிருவென்று விழித்து, எல்லாமே நல்லாத்தாம்மா இருந்துது என்று சொல்லி வைத்துவிட்டார். விட்டேனா, அன்று மதியக் காட்சிக்கே இழுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்தபோது நான் விசும்புவதைப் பார்த்த பக்கத்து இருக்கை அம்மாள், கதைப் புத்தகத்துல திறக்கவே மாட்டானாம், எழுதின ஆளுக்குக் கல்நெஞ்சு போலிருக்கு என்றாள். அப்பா இருட்டில் எட்டிப் பார்த்து, ஆமாம்மா, நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன் என்றார். வீட்டுப் படி ஏறும்போதுதான், எழுதறப்போ எனக்கும் திறக்கணும்னுதான் இருந்துச்சு, சிரிப்பாங்களோன்னு பயந்துட்டேன், அவ பயப்படல என்றார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது, கண்ணு.

அவராகக் கூப்பிடமாட்டார், வீம்பு. ஆனால் சாயங்காலமானால் போன் பக்கத்து நாற்காலியை விட்டு நகர்வதில்லை. நீயே கூப்பிடு, எடுத்த எடுப்பில் படத்தைப் பற்றிப் பேசாதே, முழங்கால் வலியை விசாரி, மற்றதற்கு அவரே வருவார். குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல் வெளியே போகாதே. தபாலில் போட இதை அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன், உறையை ஒட்டாமலே கொடுப்பேன், படிக்கட்டும். எடுத்ததெல்லாம் கைகூடி நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் பெயர் திரையில் வந்தபோது கைதட்டிய,
அம்மா

அப்பா எழுதுவது: உன் அம்மாவின் கணக்கு தப்பு. அந்தப் பதிலை எழுதும் முன்பே, நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போன இரண்டு நாளும் நான் தியேட்டரில்தான் இருந்தேன், போனில் விழித்தது அவள் பக்கத்தில் நின்றதால். முழங்கால் நன்றாகவே இருக்கிறது. படத்தைப் பற்றியே பேசலாம், கூப்பிடு.